காப்பாளருக்குத் தகவல்

பதில் சீக்கிரம் வந்துவிட்டது. அதுதான் தபாலக்காவுக்கு முதலில் உறுத்தியது.

வருகிற காகிதம், போகிற காகிதம் எல்லாம் அவள் கைபட்டுத்தான் நகரும் என்பதால் அந்தக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளுக்குத் தபாலக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. புகார் கொடுக்க ஒரு சிறுமி வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் அவளுடைய காப்பாளருக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. அலுவலகக் கைபேசியில் எண்ணை அடிப்பாள், சரியா என்று இரண்டு தடவை பார்ப்பாள், தயாராக இருக்கிற வாசகத்தை ஒட்டி அனுப்புவாள், கைபேசியைக் கவிழ்த்து வைப்பாள். பிறகு மேசைமேல் இருக்கிற தொலைபேசி அலறும். பதினொரு வருடத்தில் அது அலறாத ஒரு நாள் அவள் நினைவில் இல்லை. அம்மாக்காரி என்றால் அழுகைதான், பேச்சே வராது. அப்பன்காரன் என்றால் முதலில் ஒரு கத்தல், என் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று. ஒரு சித்தப்பா இவளைப் பிள்ளை பிடிக்கிறவள் என்றே முடிவு கட்டி, ஏழு தலைமுறையை இழுத்து ஏசித் தீர்த்திருக்கிறார்.

இன்றைக்குத் தொலைபேசி வாயைத் திறக்கவில்லை. கவிழ்த்து வைக்கப் போன கைபேசிதான் உள்ளங்கையில் ஒரு முறை அதிர்ந்தது.

'நன்றி. வருகிறோம்.'

என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை இல்லை. பெற்றவராக இல்லாவிட்டால் என்ன, ஒரு பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கிற மனுஷனுக்கு அந்தப் பதைப்பு வேண்டாமா? சரி, அவரவர் சுபாவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட பிறகும் மனசு அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

மணி ஐந்தரை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் ஒவ்வொரு மேசையாக விளக்கு அணைந்து, நாற்காலிகள் உள்ளே தள்ளப்பட்டு, குடை விரியும் சத்தமும் செருப்புச் சத்தமும் படியிறங்கிப் போய், கடைசியில் ஈரக் காகிதத்தின் புழுக்க வாடையும் மின்விசிறியின் கிறீச்சலும் மட்டும் மிஞ்சின. சார், அதாவது அவளுடைய அதிகாரி, ஐந்து மணிக்கே ஏதோ கூட்டம் என்று கிளம்பிவிட்டார். காப்பாளர் வந்து கையெழுத்துப் போடும்வரை தபாலக்கா இருந்தாக வேண்டும். சுவரோரப் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வந்த உடனே அலுவலகம் அவளுக்கு ரெட்டைச் சடை என்று பெயர் வைத்துவிட்டது. பதினாலு வயது இருந்தால் அதிகம். நாலேகால் மணிக்கு வந்து சாரின் அறையில் முக்கால் மணி நேரம் சொன்னாள், சார் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான் தபாலக்காவுக்குத் தெரியும்.

அதற்குமேல் தெரியவும் கூடாது. புகார்ப் படிவத்தின் மேல்பாதியில் பெயர், பள்ளி, காப்பாளரின் எண். கீழ்ப்பாதியில் பிள்ளை சொன்னது. அந்தக் கீழ்ப்பாதியை உள்பக்கமாக மடித்து, இரண்டு ஓரத்திலும் பின் அடித்து, 'இரகசியம்' என்று முத்திரை குத்தித்தான் அவளிடம் கொடுப்பார்கள். பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு என்று அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு. ஆயிரக்கணக்கான படிவங்களில் ஒரு பின்னைக்கூட அவள் நகத்தால் தொட்டதில்லை.

ஒரு தம்ளர் டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெட்டைச் சடை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. தம்ளருக்குள் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, எங்க ஹாஸ்டலுக்கு மட்டும் சொல்லிட மாட்டீங்களே?"

தபாலக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சொல்லி இருபது நிமிஷம் ஆகிறதே அம்மா என்று எப்படிச் சொல்வது? "இல்லம்மா," என்றாள். சொன்ன கையோடு தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மேசைக்குத் திரும்பி வந்து கைபேசியை நிமிர்த்தினாள். அந்த எண்ணுக்குப் போன செய்தி, கீழே பதில். விரல் சும்மா இருக்காமல் திரையை மேலே தள்ளியது. அங்கேயும் அவள் அனுப்பிய அதே வாசகம். 'உங்கள் பொறுப்பில் உள்ள சிறுமி எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்.' கீழே, 'நன்றி. வருகிறோம்.' தேதி வேறு, போன மாதத்தது. இன்னும் தள்ளினாள். அதே வாசகம், அதே பதில். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தவள், எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இன்றையதை விட்டு ஒன்பது தடவை.

பதிவேட்டை இழுத்துத் தேதிவாரியாகப் புரட்டினாள். ஒன்பது வரிகள், ஒன்பது பெண்கள், பள்ளிகள்கூட வேறு வேறு. காப்பாளர் மட்டும் ஒருவர்தான், வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதியை நடத்துகிறவர். கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றிலும், 'காப்பாளருடன் அனுப்பப்பட்டார். புகார் திரும்பப் பெறப்பட்டது.' அழகான கையெழுத்து. முதல் எழுத்தின் சுழி கொஞ்சம் பெரிதாக இருக்கும், அது அவளுடைய கையெழுத்துதான். ஏழாவது வரியில் மட்டும் ஒரு வாரம் கழித்து வேறு மையில் இன்னொரு குறிப்பு இருந்தது. 'இருப்பிடம் அறியப்படவில்லை.' அதையும் அவள்தான் எழுதியிருக்கிறாள். எந்த நாளில், யார் சொல்லி எழுதினாள், அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது? எவ்வளவு முயன்றும் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

இன்றைய படிவத்தை எடுத்துப் பின்னைக் கழற்றினாள். நகக்கண்ணில் கம்பி ஏறி ஒரு சொட்டு ரத்தம் படிவத்தில் விழுந்தது. மடிப்பை விரித்து நாலு வரி படித்தாள்.

சனிக்கிழமை வண்டி வரும் என்று இருந்தது. யார் யார் ஏற வேண்டும் என்று விடுதி ஐயாதான் சொல்வார். போகிற வீட்டில் ஆம்பிளைகள் காத்திருப்பார்கள், அவர்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்கள். இதை இங்கே வந்து சொன்ன ஓர் அக்கா அன்றைக்குச் சாயங்காலமே விடுதிக்குத் திரும்பி வந்தாள், அதற்கப்புறம் அவள் யாரிடமும் பேசவே இல்லை.

அதற்குமேல் படிக்க முடியவில்லை. வண்டி அனுப்புகிறவனுக்கே தகவல் சொல்லி அனுப்பியவள் தான்தான், ஒரு மணி நேரத்துக்குள், ஒரு தடவைகூடத் தாமதமில்லாமல்.

சாரைக் கைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் தட்டுகள் உரசும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. சட்டப்படி காப்பாளர் அவர்தான், ஒரு ராத்திரிகூட நாம் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது, திங்கட்கிழமை விசாரிக்கலாம் என்று ஒப்பித்துக்கொண்டே போனார்.

"சார், அவரைப் பத்திதான் சார் அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் விலகியது. சார் எழுந்து தள்ளிப் போகிறார் போலும். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நீ அதைப் படிச்சியா?"

இத்தனை வருடத்தில் அவர் அந்தக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை. இணைப்பு அறுந்தது.

காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். விடுதிக்காரர் யார் என்று சொன்னதும் குரலில் ஒரு நேசம் ஏறிவிட்டது. அவரா, நன்றாகத் தெரியுமே, போன வாரம்கூட நிலையத்துக்கு வந்திருந்தாரே என்றார். வயசுப் பிள்ளைகள் கோபத்தில் எதையாவது சொல்லும், நீங்கள் பதறாதீர்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார்.

பேசவும் செய்தார்கள். இரண்டு நிமிஷத்தில் கைபேசி அதிர்ந்தது.

'காவலர்களுக்கு ஏன் சிரமம்? கீழேதான் இருக்கிறோம்.'

மாடியிலிருந்து இறங்க ஒரு படிக்கட்டு, ஒரு லிப்ட். இரண்டும் போய்ச் சேர்கிற இடம் ஒரே வாசல்தான். ரெட்டைச் சடை பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். தபாலக்காவின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை, அழவில்லை. தம்ளரைச் சிந்தாமல் தரையில் வைத்தாள்.

"வாம்மா," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நடைவழியின் கோடியில் பழைய கோப்பு அறை. உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். விளக்கைப் போடவில்லை. கூரை வரை அடுக்கிய கட்டுகள், பூச்சி மருந்தின் காட்டம், எங்கோ சொட்டுகிற மழை நீர். தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல், அதற்குக் கம்பி. ரெண்டு அலமாரிக்கு நடுவில் பெண்ணை உட்கார வைத்துத் தானும் ஒட்டி உட்கார்ந்தாள். இவளை மட்டும் காப்பாற்றிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும், ஜெயிலுக்கு வேண்டுமானாலும் போகிறேன், விடிகிறவரை இந்தக் கதவு தாங்கட்டும். யாரிடம் வேண்டுகிறோம் என்றே தெரியாமல் வேண்டிக்கொண்டாள்.

கீழே லிப்டின் கம்பிக் கதவு இழுபட்டது. மூடியது.

கயிறு முனகியது. முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி.

நின்றது.

காலடிகள். அவசரமில்லை. ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர். பெஞ்சருகே நின்றார்கள். தம்ளர் காலில் பட்டு உருண்டது. யாரோ குனிந்து அதை எடுத்து வைத்தார்கள். மறுபடியும் நடந்தார்கள். ஒரு கதவு திறந்து மூடியது. இன்னொரு கதவு. அடுத்து இதுதான். கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம். அதில் நிழல்கள்.

தட்டினார்கள். இரண்டே தட்டு.

"கதவைத் தெறம்மா," என்றார் சார். மூச்சு வாங்கியது அவருக்கு. கூட்டத்திலிருந்து ஓடி வந்திருக்கிறார். அவள் நல்லதுக்குத்தான் சொல்வதாகச் சொன்னார். இரகசியக் கோப்பைப் பிரித்தது எத்தனை பெரிய குற்றம் தெரியுமா என்றார். அவளுடைய ஓய்வூதியத்தைப் பற்றிச் சொன்னார், பிள்ளைக் கடத்தல் வழக்கு என்றார். தபாலக்கா இரண்டு கையாலும் பெண்ணை இறுக்கிக்கொண்டாள். தாழ்ப்பாள் இரும்பு. கதவு பழங்காலத்துக் கதவு. தாங்கும்.

பிறகு வேறொரு குரல். மென்மையான குரல், பாடம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாரின் குரல். கதவுக்கு ரொம்பப் பக்கத்தில்.

"கண்ணு, பயப்படாத. நீ வர்றியான்னு கேக்கத்தான் வந்தேன். வரலைன்னா விட்டுடறேன். உன் தங்கச்சி கீழ வண்டியில இருக்கா."

அவ்வளவுதான் சொன்னார்.

தபாலக்காவின் கைக்குள் அந்தச் சின்ன உடம்பு ஒரு தடவை விறைத்தது. அப்புறம் தளர்ந்தது. பெண் எழுந்தாள். தபாலக்கா விடவில்லை. போகாதே, அவன் பொய் சொல்கிறான், தங்கச்சி இருக்க மாட்டாள் என்று காதோடு கெஞ்சினாள். ரெட்டைச் சடை அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். வலிக்காமல், பக்குவமாக.

"விடுங்கக்கா. அவளுக்கு இருட்டுன்னா பயம்."

தாழ்ப்பாள் விலகியது. வெளிச்சம் உள்ளே பாய்ந்து கண்ணைக் கூசச் செய்தது. தபாலக்கா அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். காலடிகள் திரும்பிப் போயின. இந்தத் தடவை அதில் ஒரு சின்னக் காலடியும் இருந்தது. லிப்ட் இறங்கியது.

அலமாரியைப் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கம்பியில் முகத்தை அழுத்திக் கீழே பார்த்தாள்.

வாசலில் ஒரு வெள்ளை வேன். சார் குடையை விரித்தார். தன் தோளெல்லாம் நனைய, குடை முழுவதையும் ரெட்டைச் சடையின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் அவள் கால் வைத்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடத்திக்கொண்டு போனார். பெற்ற அப்பன்கூட அப்படிப் பிடிக்கமாட்டான். வேனின் கதவை அவரே இழுத்துத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. வரிசை வரிசையாகப் பெண் பிள்ளைகள், பள்ளிச் சீருடையில், மடியில் கை வைத்து, நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வந்தது யார் என்று ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் இருக்கையில் இருந்தவளிலிருந்து கடைசி வரிசையில் இருந்த குட்டிப் பெண் வரைக்கும், எல்லோரும் சேர்ந்தாற்போல், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டார்கள்.