பூட்டுக்குத் தெரியாத வியாழக்கிழமை

செவ்வாய், மார்ச் 5, காலை 9.20. தாய்லாந்தின் பாங்பகோங் ஆற்றங்கரை இறால் பண்ணையில் மூன்றாம் தொட்டி காலியாகக் கிடந்தது. குஞ்சு பொரிக்க வளர்த்த இருநூறு தாய் இறால்கள் மாயம். வேலைக்காரி லம்யாயை ஏற்றிக்கொண்டு போக வாசலில் போலீஸ் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

துணை ஆய்வாளர் ஒரத்தாயால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மேலாளர் சக்தா கொடுத்த தாளை நாலாவது தடவையாகப் படித்தார். தொட்டியின் நீர்மட்டக் கருவியில் 4-3-2024, மாலை 4.10க்குத் தண்ணீர் கலங்கிய பதிவு. கதவுப் பூட்டில் 4-3-2567, மாலை 4.04க்கு லம்யாயின் நுழைவு அட்டை. அந்தத் தேதியில் வேறு யாரும் உள்ளே போகவில்லை.

கருவி ஒரு கம்பெனி, பூட்டு வேறு கம்பெனி. கருவி ஆங்கில வருஷம் எழுதும், பூட்டில் இந்த நாட்டில் வழங்கும் புத்த வருஷம். பண்ணைக் கணினி 543ஐக் கழித்து இரண்டையும் ஒரே திரையில் சேர்க்கும். ஜனவரியில் பூட்டை மாட்டி வருஷம் போட்டதே தான்தான் என்று சக்தா பெருமை பேசினார். அவர் வாய் ஓயாதது ஒரத்தாய்க்கு எரிச்சலாக இருந்தது.

லம்யாய் ஞாயிறு நாலு மணிக்கு இரை போட்டாளாம். திங்கள் அவளுக்கு விடுமுறை, வீட்டில் தனியாகத் துணி துவைத்தாளாம். சாட்சி கிடையாது.

"பொய் சொல்றா மேடம். மெஷினுக்கு அவமேல என்ன கோவமா?" என்றார் சக்தா.

9.50. ஒரத்தாய் முழுப் பதிவைக் கேட்டார். தாளே போதுமே என்று சக்தா மழுப்பினார். ஒரத்தாய் நேரே கதவுக்குப் போய்ப் பூட்டின் பொத்தானை அமுக்கிப் பட்டியலை ஓட்டினார். பிப்ரவரி 28க்கு அடுத்தது மார்ச் 1. போன வியாழன் பண்ணை மூடியிருந்ததா என்று கேட்டார். எல்லோரும் வேலைக்கு வந்தோம் என்றாள் லம்யாய்.

ஒரத்தாய் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் நின்றார்.

"சக்தா, இன்னைக்கு சாயங்காலம் 4.06க்கு நீங்க உள்ள போயிருக்கீங்க. இப்ப மணி பத்துகூட ஆகலையே?"

சக்தா வாசல் பக்கம் பார்த்தார்.

ஒரத்தாய் விளக்கினார். 2024க்கு பிப்ரவரி 29 உண்டு. நம் கணக்குக்கு 2567ம் அதே வருஷம்தான். ஆனால் பூட்டுக்குப் புத்தரைத் தெரியாது. 2567ஐ, இன்னும் ஐந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக்குப் பின் வரும் ஆங்கில வருஷம் என்று எடுத்துக்கொண்டது. நாலால் வகுபடாத அந்த வருஷத்தில் 29 ஏது? வியாழனையே மார்ச் 1 ஆக்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு நாள் முந்தி ஓடுகிறது. லம்யாயின் ஞாயிறு திங்களானது, சக்தாவின் திங்கள் செவ்வாயானது. இதைக் கவனித்த ஒரே ஆள், தாளை நாலாம் தேதியோடு வெட்டிக் கொடுத்தவர்.

இறால்கள் மச்சான் வீட்டுத் தொட்டியில் இருப்பதாக சக்தா முனகினார். ஜீப்பில் அவரை ஏற்றினார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று ஒரத்தாய் சொல்லியும் லம்யாய் நகரவில்லை. கூடி நின்ற பண்ணைக்காரர்களையே பார்த்தாள்.

"பூட்டு வந்து ரெண்டு மாசம். நான் வந்து ஒன்பது வருஷம். என்னைத் தெரியும்னு ஒருத்தர்கூட சொல்லலையே."