செட்டியார் தெருவுக்குப் போகாத கார்

அன்னபாக்கியம் என்பது அவர் பெயர். தேநீருக்குச் சீனி சேர்க்கமாட்டார். பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டே குடிப்பார். எவர் எதைக் கேட்டாலும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்த பின்னரே மறுமொழி கூறுவார். கொழும்பு கொட்டாஞ்சேனையிலே துறைமுக எழுதுவினைஞர் ஒருவரின் மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்தவர். கணவர் காலமானபின் கிளிநொச்சிக்கு வந்து, கையிலிருந்ததைக் கொண்டு ஒஸ்ரின் கார் ஒன்றை வாங்கினார். சாரதியாக முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த இராயப்புவை அமர்த்திக்கொண்டார்.

அந்தக் கார் சந்தைக்கு ஓடுவதில்லை. கொழும்பு பார்க்க விரும்பும் குடும்பங்களை ஏற்றிச் செல்லும். ஒரு பயணத்துக்கு ஒரு குடும்பம் மட்டுமே. "இன்னதைப் பாருங்கள்" என்று அன்னபாக்கியம் ஒருபோதும் சொன்னதில்லை. "உங்களுக்கு என்ன பார்க்க ஆசை? ஆளுக்கு ஒண்டு சொல்லுங்கோ" என்று வினவுவார். அவரவர் ஆசையை வரிசைப்படுத்தி, முன்னாசனத்தில் அமர்ந்து, தாமே நகரத்தை விளக்கிக் காட்டுவார். கைம்பெண் ஒருத்தி முன்னாசனத்தில் அமர்ந்து ஊர் சுற்றுவதைப்பற்றிச் சந்தியிலே நின்றவர்கள் பேசாத நாளில்லை. அந்தச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் அவர் கார்க் கண்ணாடியை நன்றாக இறக்கிவிடுவார். சொல்வதை நேரே சொல்லட்டும் என்பது அவர் எண்ணம்.

1961, ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலைத் தேநீர் முடியுமுன் வாசலில் ஒரு சைக்கிள் வந்து விழுந்தது. வந்தவன் வட்டக்கச்சி யோகலிங்கம். அவனும், அவன் தமையன் பரமலிங்கமும், அண்ணி இராசமலரும் முதல்நாள் மாலையில்தான் இதே காரில் கொழும்பிலிருந்து திரும்பியிருந்தனர்.

"அன்னமக்கா, அண்ணியின்ரை பதக்கம் சங்கிலியைக் காணேல்லை. வீட்டை வந்து கைப்பெட்டியைத் திறந்தால் வெறும் பெட்டி. அண்ணை உடனை பொலிசுக்குப் போயிட்டார். இராயப்புவை அடைச்சுப் போட்டினம். காரையும் மறிச்சுப் போட்டினம்."

அன்னபாக்கியம் கண்ணாடியைத் துடைத்தார்.

"உமக்கு என்ன தோன்றுது, தம்பி?"

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அக்கா. அந்தச் சங்கிலி எங்கடை அம்மாவின்ரை. அதை உருக்கித்தான் என்ரை தாலிக்குப் பொன் எடுக்கவேணுமெண்டு அம்மா சாகேக்கை சொன்னவா. வாற கிழமை பொன்னுருக்கு."

தாலிக்குரிய பொன்னை நல்ல நாளில், உறவினர் முன்னிலையில், தட்டார் உருக்கும் சடங்கே பொன்னுருக்கு. அன்னபாக்கியம் எழுந்து செருப்பை மாட்டினார்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் செல்வநாயகம் இருந்தார். எதிரே கதிரையில், கால்மேல் கால் போட்டபடி பரமலிங்கம்.

"வாரும், வாரும்," என்றார் பரமலிங்கம். "ஊர் காட்டுறன் எண்டு கூட்டிக்கொண்டு போய் நல்லாய்த்தான் காட்டினீர். கட்டின மனிசன் இருந்திருந்தால் உமக்கு இந்தக் கூத்துத் தேவையோ?"

"என்ரை மனிசன் இருந்திருந்தால் இண்டைக்கு ரண்டு கார் ஓடியிருக்கும்," என்றார் அன்னபாக்கியம். பின்பு சார்ஜன் பக்கம் திரும்பினார். "சங்கிலியைக் கடைசியாக் கண்டது எப்ப?"

"நேற்றுக் காலமை, கொழும்பு விடுதியிலை," என்றார் சார்ஜன். "இராசமலர் பெட்டியைத் திறந்து பாத்தவா. இருந்தது."

"பேந்து?"

"பெட்டியைக் காரிலை வைச்சிட்டு எல்லாரும் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குள்ளை போனியள். காரிலை தனிய நிண்டது இராயப்பு. அநுராதபுரத்திலை சாப்பிடேக்கை பெட்டி அவாவின்ரை மடியிலை. முறிகண்டியிலை எல்லாரும் இறங்கினியள். அது றோட்டோரக் கோயில். கார் கண்முன்னாலை நிண்டது. அப்ப வேறை ஆர்?"

"இராயப்புவைச் சோதிச்சியளோ?"

"சோதிச்சம். ஒண்டும் இல்லை. ஆருக்கோ கைமாத்தியிருப்பான். நாளைக்கு நீதவானுக்கு முன்னாலை நிப்பாட்டுவம்."

"அதுக்குள்ளை சங்கிலியைக் கொண்டந்தால்?"

பரமலிங்கம் உரக்கச் சிரித்தார். சார்ஜன் சிரிக்கவில்லை. "கொண்டந்தால் விடுவன், அக்கா. ஆனால் நாளைக்குக் காலமை வரைதான்."

கம்பிக்குப் பின்னால் இராயப்பு குந்தியிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்தான்.

"அக்கா, மிருகக்காட்சிச்சாலையிலை கம்பிக்குள்ளை நிண்ட குரங்கைப் பாத்துச் சிரிச்சனான். அது இப்ப என்னை நினைச்சுச் சிரிக்கும்."

"சிரிப்பைப் பிறகு பாப்பம். கோயிலடியிலை காருக்குக் கிட்ட ஆரும் வந்ததோ?"

"ஒருத்தரும் வரேல்லை. நான் பெட்டியைத் தொடவும் இல்லை. மாதாவாணை."

"முறிகண்டியிலை?"

"அங்கை நான் வழக்கம்போலை முதல் ஆளா இறங்கித் தேங்காய் உடைச்சனான். மாதா கோயிலுக்குப் போற வேதக்காரனெண்டாலும் பிள்ளையாருக்கு உடைக்காமல் நான் வண்டி எடுக்கமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பரமலிங்கத்தார்தான் கடைசியா இறங்கினவர். நேர்த்திக் காசு முடியிறன் எண்டு காருக்குள்ளை இருந்தவர். தேங்காய்க்காரியோடை ஒரு சதத்துக்குச் சண்டை பிடிச்ச மனிசன், அக்கா! காசைக் கைலேஞ்சித் துணியிலை முடிஞ்சு உண்டியலுக்குள்ளை போட்டவர். உண்டியல் வாய் சின்னனாப் போக, விரலாலை தள்ளித் தள்ளிப் போட்டவர். பிள்ளையார் பயந்திருப்பார்."

அன்னபாக்கியமும் அதைக் கண்டிருந்தார். அப்போது அவருக்குஞ் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

முற்பகலில் அவர் வட்டக்கச்சிக்குச் சென்றார். இராசமலர் குசினி வாசலில் அழுத கண்ணோடு அமர்ந்திருந்தாள். முற்றத்துக் கொடியில், பயணத்துக்கு உடுத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன: அரக்கு நிறப் புதுச் சேலை ஒன்று; அதன் அருகே அவளுடைய வெள்ளைச் சட்டை. சட்டையின் கழுத்தோரம் முழுவதும் பாசி படிந்தாற்போன்ற பச்சைக் கறை.

"இதென்ன, பிள்ளை?"

"புதுச் சீலையல்லோ, அக்கா. சாயம் விட்டிட்டுது. ரண்டுதரம் சவுக்காரம் போட்டும் போகேல்லை."

அன்னபாக்கியம் சேலையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்.

"சங்கிலியை ஏன் கழட்டினீர்?"

"ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலிலை கடல் தண்ணி தெறிச்சு நனைஞ்சமெல்லே. பேந்து கழுத்தெல்லாம் ஒரே கடி, சொறிச்சல். கழட்டிப் பெட்டியிலை வைச்சன். கொளுக்கியும் இளகிப் போச்சு. அதுதானே திங்கட்கிழமை செட்டியார் தெருவுக்குப் போகவேணுமெண்டு கேட்டனான். அங்கை ஒரு நல்ல தட்டாரிட்டைக் குடுத்துக் கொளுக்கியும் இறுக்கி, மெருகும் போடுவிப்பம் எண்டு."

"முந்தி இப்பிடிக் கடிச்சதோ?"

"இல்லையே. ஆனால் கனநாள் போடேல்லை. போன வருசம் கிராமச்சபைத் தேர்தல் நேரம், இவர்தான் மெருகு போடவெண்டு யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கொண்டந்தவர். புதுசு மாதிரி மினுங்கினது. அலுமாரியிலை வைச்சது வைச்சபடி. இந்தப் பயணத்துக்குத்தான் எடுத்தனான்."

அந்தத் தேர்தலிற் பரமலிங்கம் வெகு ஆரவாரமாக நின்று தோற்றவர். ஊர் முழுவதற்கும் சோறு போட்டதும், ஒலிபெருக்கி பூட்டிய லொறிகள் ஓடியதும் அன்னபாக்கியத்துக்கு நினைவுக்கு வந்தன.

அந்தப் பயணத்தை அவர் மனத்தினுள் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். யோகலிங்கத்தின் ஆசை, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் துரோலி பஸ்ஸில் ஏறுவது. ஏறினான். பரமலிங்கத்தின் ஆசை, மிருகக்காட்சிச்சாலையில் யானை ஆடுவதைப் பார்ப்பது. பார்த்தார். இராசமலர் கேட்டது நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு ஒன்றே. திங்கட்கிழமை கோயிலிலிருந்து வந்ததும், "சனநெருக்கம், வெயில், வேண்டாம், காரை வடக்காலை திருப்பும்" என்று பரமலிங்கம் அதை வெட்டினார். "தாலிப் பொன்னை நல்ல தட்டாரிட்டைக் காட்டினால் என்ன, அண்ணை?" என்று யோகலிங்கம் முறைப்பட்டதும் பயனளிக்கவில்லை. அன்னபாக்கியத்தின் பயணங்களில் ஒருவர் கேட்ட இடம் காட்டப்படாமற் போனது அதுவே முதற்றடவை.

"இராசமலர், அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு என்னோடை வாரும்," என்றார்.

பிற்பகல் பொலிஸ் ஜீப் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. சார்ஜன், இராயப்பு, பரமலிங்கம், யோகலிங்கம், இரு பெண்கள். "சங்கிலி இருக்கிற இடத்தைக் காட்டுறன்" என்பதற்குமேல் அன்னபாக்கியம் ஒன்றும் கூறவில்லை. காலையில் அத்தனை பேச்சுப் பேசிய பரமலிங்கம், திருமுறிகண்டி நெருங்க நெருங்க வெளியே காட்டையே பார்த்தபடி வந்தார்.

கோயிலுக்குப் பொறுப்பானவர், சார்ஜன் கேட்டுக்கொண்டபடி, கற்பூரம் ஏற்றி வணங்கிவிட்டு உண்டியலைத் திறந்தார். சில்லறைகளின் நடுவே முடிச்சிட்ட கைலேஞ்சி ஒன்று கிடந்தது. அவிழ்த்தார். இலட்சுமி உருவம் பதித்த பதக்கத்தோடு சங்கிலி! கொளுக்கியடியில் பச்சை பூத்திருந்தது. கைலேஞ்சியின் மூலையிற் சலவைக்காரர் இட்ட கரிய குறி. இராசமலர் கையிலிருந்த வெள்ளைச் சட்டையின் உட்புறத்திலும் அதே வீட்டுக் குறி.

"என்ரை லேஞ்சியைக் களவெடுத்து இவன்தான்..." என்று பரமலிங்கம் இராயப்புவை நோக்கிக் கைநீட்டினார்.

"கையை இறக்கும்," என்றார் அன்னபாக்கியம். குரல் உயரவில்லை. "உந்த லேஞ்சியை உண்டியலுக்குள்ளை நீர் விரலாலை தள்ளினதை நானும் பாத்தனான், இவனும் பாத்தவன். சார்ஜன் ஐயா, ஒண்டை யோசியுங்கோ. பொன்னெண்டு நினைச்சுக் களவெடுக்கிறவன் அதை விப்பான், மண்ணுக்குள்ளை தாட்டு வைப்பான். சாமிக்குக் குடுப்பானோ? இதைக் குடுத்தவருக்கு இது பொன்னில்லை எண்டு முன்னமே தெரியும்."

"பொன்னில்லையோ?" இராசமலர் குனிந்து சங்கிலியைப் பார்த்தாள்.

"உம்முடைய சீலை அரக்கு நிறம், பிள்ளை. அது விட்டால் சிவப்புச் சாயமல்லோ விடும்? சட்டையிலை ஊறினது பச்சை. பித்தளை களிம்பேறினால் விடுற பச்சை. வேர்வையும் கடல் தண்ணியும் பட முலாம் கழண்டு போச்சு. உம்முடைய கழுத்துக் கடிச்சதும் அதாலைதான். பொன் அப்பிடிச் செய்யாது."

சார்ஜன் சங்கிலியை உள்ளங்கையில் வைத்து உரசினார். மஞ்சளின் கீழிருந்து வேறொரு மஞ்சள் தெரிந்தது.

"இது போலியெண்டு தெரிஞ்ச ஆள் வீட்டுக்காரரிலை ஆர்?" என்று அன்னபாக்கியம் தொடர்ந்தார். "இராசமலரோ? தெரிஞ்சிருந்தால் தட்டாரிட்டைக் காட்டவேணுமெண்டு கேக்கமாட்டா. யோகலிங்கமோ? அவனும் போவமெண்டுதான் நிண்டவன். செட்டியார் தெருவை வெட்டினது ஒரே ஒரு ஆள். யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சங்கிலியை மாத்திக் கொண்டந்த ஆளும் அவர்தான். நேற்று இஞ்சை பெட்டியோடை காருக்குள்ளை தனியப் பிந்தி நிண்டவரும் அவர்தான். காட்டினால் அண்டைக்கே பிடிபடும். காட்டாட்டில் வாற கிழமை பொன்னுருக்கிலை, ஊர்ச்சனத்துக்கு முன்னாலை பிடிபடும். அதுக்கு முதல் சங்கிலி துலையவேணும். துலைச்ச பழியைச் சுமக்க ஒரு வேதக்காரச் சாரதியும், கேக்க ஆளில்லாத ஒரு கைம்பெண்ணின்ரை காரும் வாய்ச்சுது. என்ன, பரமலிங்கத்தார்?"

பரமலிங்கம் தேங்காய்ச் சிதறல்களுக்கு நடுவே அமர்ந்துவிட்டார்.

"அதை வித்த காசும் தேர்தலிலை போச்சு," என்றார். "வெண்டால் திருப்பிச் செய்விக்கலாம் எண்டு நினைச்சன். துலைக்கத்தான் வேணுமெண்டு வந்தபோது, வழியிலை எத்தினை குளம், எத்தினை காடு... இலட்சுமி உருவத்தைச் சேத்துக்குள்ளை எறிய மனம் வரேல்லை. அதாலைதான் பிள்ளையாரிட்டை..."

"இலட்சுமியைச் சேத்துக்குள்ளை எறிய மனம் வரேல்லை," என்றாள் இராசமலர். "இராயப்புவைக் கம்பிக்குள்ளை எறிய மட்டும் உங்களுக்கு மனம் வந்துதோ?"

யோகலிங்கம் தமையனைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சார்ஜன் இராயப்புவின் தோளைத் தட்டினார். "நீ போகலாம். காரும் போகலாம். பொய் முறைப்பாட்டுக்கு இவர் நீதவானுக்கு மறுமொழி சொல்லட்டும்."

"ஐயா, நாளைக்கு எனக்கு வைச்ச இடத்தை அவருக்குக் குடுங்கோ," என்றான் இராயப்பு. "காத்தோட்டமான இடம்."

ஜீப்பில் ஏறுமுன் சார்ஜன் அன்னபாக்கியத்தின் அருகே வந்தார். பேச்சில் மெய்யான அக்கறை இருந்தது.

"அக்கா, கெட்டித்தனம்தான். ஆனால் இண்டைக்குத் தப்பினியள். நாளைக்கு வேறை ஒருத்தன் வேறை ஒரு பழி சொல்லுவான். சந்தியிலை சனத்தின்ரை வாயும் சும்மா இராது. காரைச் சந்தைச் சாமானுக்கு விடுங்கோவன். நிம்மதி."

அன்னபாக்கியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இராசமலர் தன் கைக்காப்பு ஒன்றைக் கழற்றி யோகலிங்கத்திடம் நீட்டிக்கொண்டிருந்தாள். "இது என்ரை அம்மா தந்த பொன், தம்பி. இதை உருக்குவம். ஆனால் முதலிலை இதையும் ஒரு தட்டாரிட்டைக் காட்டவேணும். இனி நான் ஒருத்தரின்ரை கதையையும் நம்பி வைச்சிருக்கமாட்டன்."

அன்னபாக்கியம் கண்ணாடியை அணிந்துகொண்டார்.

"சனிக்கிழமை விடிய கார் கொழும்புக்குப் போகும்," என்றார். "முதலிலை செட்டியார் தெரு. இராசமலர், நீர் முன்சீற்றிலை இரும். நான் பின்னாலை இருக்கிறன். சந்தியடியிலை கார்க் கண்ணாடியை இறக்கிவிடும்."