கொதிகலன் தணிந்தபோது

புதுத் தொகுப்பில் மூன்றாவது பாட்டு முடிவதற்குள் சுகிர்தா பிடரியில் ஒட்டியிருந்த உணர்கடத்தியைப் பிய்த்து எடுத்தாள். மின்ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வாத்தியங்களில் குறை சொல்ல எதுவுமில்லை. கிதார் இரும்பை அறுத்தது, டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. ஆனால் பாடகி ஜெனோவா வாய் திறந்து அலறிய இடத்தில், சுகிர்தாவுக்குள் இறங்கியது வயிறாரச் சாப்பிட்டு மதியம் தூங்கி எழுந்த ஒருத்தியின் நிம்மதி. இத்தனை நாள் காத்திருந்தது இதற்காகவா?

உணர்கடத்தி வந்த பிறகு பாட்டில் பொய் சொல்ல வழியில்லாமல் போயிருந்தது. பாடுகிறவரின் பிடரியில் ஒரு பட்டை. பாடும்போது உள்ளே என்ன நடக்கிறதோ அதைக் குரலோடு சேர்த்துப் பதிந்துகொள்ளும். கேட்பவரின் பிடரியில் இன்னொன்று. அதே உணர்வை, கச்சேரியானால் அந்தக் கணமே, அவருக்குள் எழுப்பும். நடித்தால் இரைச்சல்தான் வரும். இனிய குரல்கள் பல ஒரே வருடத்தில் காணாமல் போயின. எண்ணூரிலிருந்து, அலறிப் பாடும் ஒரு மெட்டல்கோர் குழு மேலே வந்தது. பாடகி ஜெனோவாவின் தம்பி ஆல்வின், வேலை செய்த தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து இறந்தவன். குழுவுக்கு அவள் வைத்த பெயரும் அதுதான்: கொதிகலன்.

அம்மா இறந்தபோது சுகிர்தாவுக்கு அழுகை வரவில்லை. வாரக்கணக்கில் கல்லாகக் கிடந்தாள். கொதிகலனின் முதல் தொகுப்பைப் பிடரியில் ஏற்றிக்கொண்ட அன்றுதான் உடைந்து அழுதாள். அதன்பின் அவள்தான் சென்னை ரசிகர் மன்றத்தின் தலைவி.

மன்றத்தின் இணையக் குழுவில் அன்று மாலைக்குள் ஆத்திரம் பொங்கி வழிந்தது. 'தாலாட்டு போட்டிருக்காங்க.' 'வசதி வந்துடுச்சு, வலி போயிடுச்சு.' சுகிர்தா ஒரே ஒரு வரி எழுதினாள்: 'ஆல்வினை மறந்துட்டீங்களா, ஜெனோவா?'

அந்த வரி பற்றிக்கொண்டது. கச்சேரி நாளன்று அரங்கத்துக்கு வெளியே நின்றவர்களில் பாதிப்பேரின் சட்டையில் அது அச்சாகியிருந்தது. சுகிர்தாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

கதவு திறப்பதற்கு முன் ஒரு காவலர் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மேடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. ஜெனோவா நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். படங்களில் பார்த்ததைவிடச் சதை போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை.

"நீதான எழுதுன?"

"ஆமாக்கா."

"அவன் பேர எழுதுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

சுகிர்தா சொன்னாள்: "உங்க பாட்டு இல்லன்னா நான் இன்னிக்கி இருந்திருக்கமாட்டேன்க்கா. அந்த வலிதான் என்னைக் காப்பாத்துச்சு. அத எடுத்துட்டு, இப்போ இதக் குடுத்தா..."

"நீ அழுது முடிச்சிட்டுப் பட்டையக் கழட்டி வெச்சுட்ட. நான் எங்க கழட்டுறது? ஒவ்வொரு ஊர்லயும் அவன் செத்தான். ஒவ்வொரு மேடையிலயும் திரும்பச் செத்தான். வைத்தியம் பாத்து, மாத்திரை போட்டு, இப்பத்தான் தூங்குறேன். அந்தத் தூக்கத்தத்தான் பாடியிருக்கேன். அதுவும் நெசந்தான?"

"நெசந்தான்க்கா. ஆனா எங்களுக்கு அது வேணாமே."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஜெனோவா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கூட்டத்துகிட்ட சொல்லு. அவன் பேரை மட்டும் சொல்லவேணாம். மத்தபடி என்ன வேணா திட்டிக்கட்டும்."

சுகிர்தா தலையாட்டினாள். வெளியே வந்தபோது கதவு திறந்துவிட்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தார்கள். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? பக்கத்தில் நின்ற சிலரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் சிரித்தார்கள்.

முதல் இரண்டு புதுப் பாட்டுகளுக்கும் கூட்டம் அசையவில்லை. மூன்றாவது தொடங்கியதும் பின்வரிசையில் ஒருவன் கத்தினான்: "ஆல்வின்!"

இன்னொருவன் அதைப் பிடித்துக்கொண்டான். பிறகு இடப்பக்கம் முழுதும். கைதட்டலோடு, தாளத்தோடு, தேர்தல் ஊர்வலம் போல: ஆல்வின், ஆல்வின், ஆல்வின். சுகிர்தா "வேணாம், வேணாம்" என்று கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் குரலும் தாளத்தோடு கலந்து போனது.

ஜெனோவா கையை உயர்த்தினாள். வாத்தியங்கள் நின்றன. அவள் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், சொல்லே இல்லாமல் அலறினாள்.

அரங்கம் முழுக்க எல்லாப் பிடரியிலும் அது ஒரே நேரத்தில் இறங்கியது. சுகிர்தாவுக்குப் பழக்கமான துக்கம் இல்லை இது. இருட்டில் ஆயிரம் முகங்கள், ஆயிரம் வாய்கள், எல்லாம் ஒன்றையே தின்னக் காத்திருக்கின்றன, தப்பிக்கக் கதவில்லை. பயம். எதிரே நிற்கும் இந்த மிருகத்தின் மேல், அதாவது சுகிர்தாவும் சேர்ந்த இந்தக் கூட்டத்தின் மேல், ஜெனோவாவுக்கு இருந்த பயம். பட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினாள். பட்டை விரலுக்குச் சிக்கவில்லை.

சுற்றிலும் ஜனங்கள் தேம்பினார்கள். ஒருவன் கண்ணீரோடு கூவினான்: "வந்துட்டா! பழைய ஜெனோவா வந்துட்டா!"

ஜெனோவா தன் பட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். மறுபடி எந்த மேடையிலும் ஏறவில்லை. எங்கே போனாள் என்பதைக் கொதிகலன் குழுவில் ஒருவரும் சொல்லவில்லை.

இசை நிறுவனம் மேடையில் பதிவான அந்த அலறலைத் தனியாக வெளியிட்டது. கொதிகலனின் வேறெந்தப் பாட்டும் அந்த அளவுக்கு ஓடியதில்லை. சுகிர்தா எழுதினாள்: 'கேட்காதீங்க. அதுல இருக்கிறது நம்மள பாத்த பயம்.' அதைப் படித்த பிறகு இன்னும் அதிகம் பேர் கேட்டார்கள். தங்களைப் பற்றியே ஜெனோவா பாடியிருக்கிறாள் என்று பூரித்துப் போனார்கள்.

அடுத்த மன்றக் கூட்டம் பெரம்பூரில் ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். பதிவை நிறுத்தச் சொல்லத்தான் சுகிர்தா போனாள். அவள் நுழைந்தபோதே அது ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கண்களை இறுக மூடி நாற்காலிகளில் இருந்தார்கள். அலறல் ஏற ஏற, கண்ணைத் திறக்காமலே ஒவ்வொருவராக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். முடிந்தபோது நாற்பது முதுகுகளும் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தன. கூடத்தின் நடுவில் சுகிர்தா மட்டும்.

கண்கள் திறந்தன. நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு பெண், குழந்தையைப்போல், முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"நான் சுகிர்தாங்க," என்றாள் மெல்ல. ஓரடி எடுத்து வைத்தாள். நாற்காலிக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன.

"கிட்ட வராத," என்றான் ஒருவன். இன்னொருவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, "இதாண்டா கொதிகலன்," என்றான். "இன்னொரு தடவ போடு."

போட யாரும் எழுந்து வரவில்லை. யாரும் யாருக்கும் முதுகைக் காட்டத் தயாராயில்லை. பதிவை ஓட்டும் பெட்டி சுகிர்தாவின் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நாற்பது ஜோடிக் கண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. பாட்டு ஓடினால் கண்களை மூடிக்கொள்வார்கள்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.