பெயர் கேட்டு வந்தவன்

நானும் மச்சான் ஓட்டோவும் நிலக்கரி வெட்டப் படகில் போய் இறங்கியபோது நல்ல வெயில். கோடையில் எங்கள் கிரீன்லாந்தில் சூரியன் மறைவதில்லை. கரையோரப் பாறையில் கரி கறுப்புப் பட்டையாக ஓடுகிறது, வெட்டுகிறவனுக்குச் சொந்தம். பக்கத்தில் ஒரு பழைய மரக்குடிசை.

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். உன் புள்ளைக்கு உன் தம்பி பேருதானா?" என்றான் ஓட்டோ.

"வேற யாரு பேரு?"

"செத்தவன் பேரைத்தான் வைக்கணும். அவன் செத்ததை யாரு பாத்தா?"

"மலையில மூணு குளிர்காலம் ஒருத்தன் தாங்குவானா? உன் தொப்பையே ஒரு வாரம் தாங்காது."

அவன் ஒரு முறை மலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெட்டத் தொடங்கினான்.

எங்கள் தீவின் நடுவெல்லாம் பனிக்கட்டி. மனிதர் இருப்பது கரையில்தான். கரையில் மனம் முறிந்தவனுக்குப் போக்கிடம் உள்ளே மட்டும். தம்பி ஆசைப்பட்ட பெண் ஊரார் முன்னால் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அன்றே மலையேறி உள்ளே நடந்தான். அப்படிப் போனவர்கள் மனிதராகத் திரும்புவதில்லை என்பார்கள். ஆனால் செத்தவன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் ஆளே திரும்பி வந்த மாதிரி என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு என் தம்பி வேண்டும், அவ்வளவுதான்.

மூட்டைகளைக் கட்டி முடித்தபோது மூடுபனி இறங்கியது. கடலும் தெரியவில்லை, படகும் தெரியவில்லை. குடிசைக்குள் போய்க் காபி வைத்தோம். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஓடை இரைச்சல் நின்றுபோனது.

வெளியே கரித்தூள் மேல் யாரோ நடந்தார்கள்.

காலடிச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"அண்ணே."

என் தம்பி குரல்தான்.

"என் பேரு மறந்துபோச்சுண்ணே. அங்க கூப்பிட யாருமே இல்ல. ஒரு தடவை சொல்லேன்."

ஓட்டோ என் வாயைப் பொத்தினான். "சொல்லிடாத மச்சான். சொன்னா பேரு அவனோடயே போயிரும், புள்ளைக்கு ஒட்டாது," என்று காதுக்குள் கிசுகிசுத்தான்.

நான் சொல்லவில்லை. அழுதேன், ஆனால் சொல்லவில்லை.

"ஏண்ணே?"

பிறகு காலடிச் சத்தம் மலைப்பக்கம் போனது.

ஞாயிறன்று போதகர் கையில் நீரை அள்ளிக்கொண்டு, "பேரு என்ன?" என்றார். வாயைத் திறந்தேன். வரவில்லை. என் மனைவி பௌலினெ உதட்டைக் கடித்து யோசித்தாள். அம்மா, அவனைப் பெற்றவள், நெற்றியில் அடித்துக்கொண்டாள். தேவாலயம் நிறைய ஆள் இருந்தும் அந்தப் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. குடிசையில் நான் சொல்ல மறுத்த பெயர் அன்றே அவனோடு போனது, இதை எழுதும்போதும் எனக்குத் திரும்பவில்லை.

கடைசியில் செத்துப்போன மாமனார் பெயரை, யெரிமியாஸ் என்று, வைத்தோம். இப்போது பையனுக்கு நாலு வயது. மூடுபனி இறங்கும் நாட்களில் மலைமேல் அதே குரல் ஒரு பெயரைக் கூவுகிறது, யெரிமியாஸ் என்று அல்ல. காதில் விழுகிறது. விழுந்த கணமே மறந்துவிடுகிறது.

என் மகன் மட்டும் விளையாட்டை நிறுத்திவிட்டு, "தோ வரேன்!" என்கிறான்.