மீதி ஒரு சுற்று

இடது முன்சக்கரத்தின் பேரிங்கில் ஒரே ஒரு சுற்றுதான் மீதி என்று வாழ்நாள்காட்டி சொன்னது. வர்ணிகா அதன் முகத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். துடைத்தால் கூடிவிடுமா என்ன? ஒன்று என்றால் ஒன்றுதான்.

அவளுக்கு வேண்டியது ஆறு சுற்று. சூலூர் தாண்டி இருந்த அந்தப் பந்தயத் தடத்தில் அன்று பழங்கார் நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பெட்ரோல் கார்களை ஓட விடுவார்கள். மற்றப் பந்தயங்களில் ஓட்டுகிறவரையும் அளக்கும் வாழ்நாள்காட்டி, அன்று காரை மட்டும் அளக்கும். பதினோரு வருஷம் மனுப் போட்டு மனுப் போட்டு, அவளுடைய நீலக் காருக்கு இந்த முறைதான் இடம் கிடைத்திருந்தது. தடத்தையே ஆடியில் மூடப் போகிறார்கள் என்பதால் அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

காலையில் சூடேற்ற ஐந்து சுற்று ஓட்டியதில்தான் வினை வந்தது.

"ஒண்ணுன்னா கழட்டிப்போடணுங்க அம்மணி. சட்டம்" என்றார் கோகுலண்ணன். அவளுக்குப் பதினைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவர்.

"மாத்திப் போட வேற இருக்குதுங்ளாண்ணா?"

"இந்த அளவை எவன் இப்பச் செய்யறான்? உங்க ரூம்லதான் தேடோணும்."

அவர் ரூம் என்றது கழற்று அறையை. பந்தயத்திலிருந்து விலகிய பிறகு அவளுக்குக் கொடுத்த உத்தியோகம் அதுதான். ஆயுள் முடிந்த உதிரிகளை வாங்கி உருக்காலைக்கு அனுப்ப வேண்டும். தடத்தில் மட்டுமல்ல, வீடுகளிலும் அதே கதைதான். மிக்ஸி, மின்விசிறி, மோட்டார் பம்பு, காலில் போடும் செருப்பு, எல்லாவற்றிலும் பொத்தான் அளவு வாழ்நாள்காட்டி ஒன்று ஒட்டியிருக்கும். சூட்டையும் நடுக்கத்தையும் அளந்து பொதுப் பதிவேட்டுக்கு அனுப்பும். பதிவேடு, அதே மாதிரிப் பொருள்கள் இதற்கு முன் எவ்வளவு காலம் வாழ்ந்தன என்று பார்த்து, மீதி நாளைச் சொல்லும். செருப்பு அறுந்து நடுரோட்டில் நின்றவர் என்று இந்த இருபது வருஷத்தில் ஒருவர்கூட இல்லை.

அந்த அளவு பேரிங்குகள் மட்டும் உருக்கப்படாமல் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. இனிமேல் கிடைக்காத பொருள், போகட்டும் என்று அவளே எடுத்து வைத்தது. பெட்டியைத் திறந்ததும் பழைய கிரீஸ் வாசனை வந்தது.

அந்தக் காலத்தில் காட்டி ஏது? பந்தயம் முடிந்ததும் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுவார்கள். இம்மி ஆட்டம் இருந்தாலும் பேரிங் போச்சு. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையைச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சுருள்வில்லில் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே மணல் அரைகிற மாதிரி தெரிந்தால் அதுவும் போச்சு. எல்லாவற்றுக்கும் முன்னால் காது சொல்லிவிடும். வலது வளைவில் காரின் பாரமெல்லாம் இடது சக்கரத்தில் இறங்கும்போது வண்டு மாதிரி ஒரு முனகல் கேட்கும். ஒருமுறை அதைக் கேட்டும் கேளாதவள் போல ஓட்டி, பேரிங் சூட்டில் கிரீஸ் உருகி, சக்கரம் புகைந்து நின்றாள். கோகுலண்ணன் குடிக்க வைத்திருந்த மோரைத்தான் அதன் தலையில் கொட்டினார். என்ன காலம் அது!

"அந்தக் காலத்துப் பேரிங் ரெண்டு சீசன் தாங்கும். இப்ப இரும்பா விக்கறாங்க?" என்றார் அவர். இருவரும் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிற வசனம்தான்.

பேரிங் ஒவ்வொன்றிலும் கழற்றிய தேதியும், ஓடிய சுற்றும், மீதிச் சுற்றும் எழுதிய சீட்டுத் தொங்கியது. ஆறு சுற்று மீதியுள்ள ஒன்றைத் தேடி அவள் சீட்டுகளைப் புரட்டினாள். மிகப் பழையதில், ஓடியது எழுநூற்று நாற்பது, மீதி முப்பது. ஆனால் அது நசுங்கிக் கிடந்தது. அடுத்தது ஓடியது ஐந்நூற்றுப் பத்து, மீதி ஐந்து. அப்புறம் இருநூற்றறுபது, தொண்ணூறு, இருபத்திரண்டு, ஒன்பது. கடைசியாக வந்தவற்றில் எல்லாம் மீதி ஒன்று. அந்த ஒன்பதைக் கையில் எடுத்துச் சுழற்றினாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. காதருகே வைத்தாள். சத்தமே இல்லை.

"அண்ணா, இது சாகவே இல்லீங்களே. ஒண்ணு மீதி இருக்கறப்பவே ஏன் கழட்டினீங்க?"

"எதுக்கும் ஒண்ணு முன்னாடியே கழட்டிப்போடறதுதானுங்க. ஆரும் அப்படித்தான்."

"காட்டிக்கு அது செத்த நாள் எப்படித் தெரியும்?"

"நாம கழட்டற நாளை வெச்சுத்தான்..." கோகுலண்ணன் அந்தச் சீட்டை இழுத்து இன்னொரு முறை படித்தார்.

ஒரு பேரிங்கையும் சாக விடவில்லை. கொஞ்சம் முன்னாலேயே கழற்றினார்கள். அதையே சாவு என்று பதிவேடு எழுதிக்கொண்டு, அடுத்ததற்கு இன்னும் குறைவாகச் சொன்னது. அதற்கும் முன்னால் கழற்றினார்கள். எழுநூற்று நாற்பது ஒன்பதாகிவிட்டது, இரும்பு அதே இரும்பாக இருக்க. இத்தனை வருஷமும் இரும்பைப் பழித்தோமே என்று வர்ணிகாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

பேரிங்கை மாற்றாமலேயே இருவரும் காரோடு தடத்தின் வாயிலுக்குப் போனார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவன் அகரன். இருபத்தாறு வயது, ஓய்வுபெற்ற பந்தய வீரன். ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படி ஏதாவது உத்தியோகம் கொடுப்பது தடத்தின் வழக்கம். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "இருந்தாலும் ரூல்னு ஒண்ணு இருக்குதுங்களே, மேடம்" என்றான்.

"நீங்களே ஆட்டிப் பாருங்க தம்பி."

காரை ஜாக்கியில் தூக்கினார்கள். அவன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். பாறை மாதிரி நின்றது. சுற்றிவிட்டுச் சுருள்வில்லில் கை வைத்தான். பட்டு மாதிரி ஓடியது. சாகப் போகிற ஒன்று எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் இது அப்படி இல்லை என்று கை சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நின்று உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

அந்தக் கையைப் பார்த்ததும்தான் வர்ணிகாவுக்குத் திக்கென்றது. நாற்பத்தொரு வயதில் காட்டி அவளுக்கே ஓட்ட ஒரு சீசன்தான் மீதி என்றது. எதற்கும் முன்னாலேயே இறங்கிவிடலாம் என்று இறங்கினாள். மாலை போட்டார்கள், உச்சத்திலேயே விலகிய வீராங்கனை என்று பாராட்டினார்கள். அவளுக்குப் பின் வந்தவன் முப்பத்தெட்டில் இறங்கினான். அடுத்தவள் முப்பத்து மூன்றில்.

"தம்பி, நீங்க எப்ப இறங்குனீங்க?"

"போன வருஷமுங்க. ரெண்டு பந்தயம் மீதின்னு காட்டுச்சு. எதுக்கும் ஒண்ணு முன்னாடியே..."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் அன்று வாங்கிக்கொண்ட மாலைக்கு இந்தப் பிள்ளையின் வருஷங்களையும் சேர்த்துப் பறித்திருக்கிறோம் என்று தோன்றியது.

"முனகல் கேட்டா அந்த வளைவுலயே உள்ள வந்துருவேன். சத்தியமா" என்றாள்.

அகரன் வாயில் சங்கிலியைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டான்.

முதல் வலது வளைவில் காதைத் தீட்டிக்கொண்டாள். எஞ்சின் இரைச்சலும் டயர்க் கீச்சலும்தான் கேட்டன. முனகல் இல்லை. அதில் நிம்மதியும் இருந்தது, பழைய சினேகிதியைக் காணாத ஏக்கமும் இருந்தது. இரண்டாவது சுற்றில் காட்டி பூஜ்யத்துக்கு வந்தது. மூன்றாவதிலும் பூஜ்யம்தான். அதற்குக் கீழே சொல்ல அதற்குத் தெரியாது.

ஐந்தாவது சுற்றின் முடிவில் கோகுலண்ணன் சுவரோரம் நின்று, உள்ளே வரச்சொல்லும் பலகையை உயர்த்திக் காட்டினார். எதற்கும் ஒன்று முன்னாலேயே. இருபது வருஷப் பழக்கம், பாவம், கை தானாகத் தூக்கிவிட்டது.

வர்ணிகா அவரைக் கடந்து போனாள்.

ஆறாவது சுற்று முடிந்தபோதும் முனகல் கேட்கவில்லை. அவளே காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். சக்கரத்தை இன்னொரு முறை ஆட்டிப் பார்க்க கோகுலண்ணன் குனிந்தார். அவருக்குப் பின்னால் அகரன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.