செருப்புக் காப்பாளன் கல்லறை

காலை ஆறு மணிக்கு அமிர்தவல்லி வழக்கம்போலக் கல்லறைக்குள் ஒரு படி எறும்பைக் கொட்டினாள். எல்லாம் உளவெறும்புகள், கடுகளவு இயந்திரங்கள். சுவரில் ஊர்ந்து, வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறதென்று மோப்பம் பிடிக்கும். அவற்றின் தலைவன் எண் நாற்பது. அவள் காதுமடலில் உட்கார்ந்து சேதி சொல்லும்.

அது 2391ஆம் ஆண்டு. எகிப்தில் பேரரசர்களையெல்லாம் எப்போதோ தோண்டித் தீர்த்துவிட்டார்கள். மிச்சமிருந்தது சில்லறை உத்தியோகஸ்தர்கள்தாம். கல்லறையைக் கண்டுபிடித்தவர் பெயரை வாசலில் செப்புப் பலகையில் பொறிப்பது வழக்கம். பத்தொன்பது வருஷம் மணல் தின்ற அமிர்தவல்லிக்கு ஒரு பலகைகூட வாய்க்கவில்லை. அடுத்த மாதம் ஓய்வு. மன்னரின் செருப்புக் காப்பாளனான இந்தக் கல்லறைக்காரனை விட்டால் வேறு கதியில்லை.

"அம்மா, இவன் பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் சுரண்டப்பட்டிருக்கிறது. கல்லறையைக் கட்டியவன் ஒரு வாத்துக் காவலன்" என்றது எண் நாற்பது.

பெயர் அழிந்தால் மறுமையும் போச்சு என்று நம்பிய ஜனங்கள் அந்தக் கால எகிப்தியர்கள். அமிர்தவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தவன் பேரைச் சுரண்டிட்டுத் தன் பேரை எழுதிக்கிட்டானே, இவனெல்லாம் மனுஷனா?"

மதியம் அகழாய்வுத் துறை இயக்குநர் குணசீலன் பலகையோடு விமானத்தில் வந்திறங்கினார். பலகையில் அவர் பெயர்.

"டைரக்டர் பேரு போடறதுதாம்மா முறை. நன்றியுரையில உங்களச் சேத்திருக்கேன்."

"மூணு மாசமா இங்க வெந்தது நானு. ஏசி ரூம்ல இருந்தது நீங்க!"

விவகாரம் தீர்ப்பெந்திரத்துக்குப் போனது. அது லஞ்சம் வாங்காது, முகமும் பார்க்காது. பதிவுகளைப் புரட்டிவிட்டுச் சொன்னது: "வாசலை முதலில் கண்டது எண் நாற்பது. மார்ச் ஒன்பது, காலை 6.12. அப்போது அமிர்தவல்லி டீ குடித்துக்கொண்டிருந்தார். குணசீலன் இந்தக் கண்டத்திலேயே இல்லை."

ஒரு மணி நேரத்தில் புதுப் பலகை வந்தது. 'கண்டது: எண் நாற்பது.'

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு முதன்முறையாக ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டார்கள்.

"எறும்புக்கு எதுக்கு சார் பேரு?"

"அதானே! நாளைக்கு மண்வெட்டியும் கேக்கும். உங்க பேரு மேல, என் பேரு கீழ. சரிதானே?"

"ஐயோ, நீங்க பெரியவங்க. பக்கத்துப் பக்கத்துல போட்டுக்கலாம்."

உளியால் சுரண்டினால் தடம் தெரியும். செருப்புக் காப்பாளன் மாட்டிக்கொண்டது அப்படித்தான். ஆகவே அமிர்தவல்லி குடுவையைத் திறந்து ஒரு பிடி எறும்பைப் பலகைமேல் தூவினாள். எண் நாற்பது காதிலிருந்து இறங்கி, முன்வரிசையில் நின்று, தன் பெயரைத் தடமே இல்லாமல் கொறித்து முடித்தது.

"வேலை சுத்தமாக இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டது.