முன்பணம் கட்டிய குழி

போன் அலறியது.

வெண்டெல் திடுக்கிட்டு எடுத்தான். மனைவி ஆர்லீன் செத்து நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"ஹலோ..."

"எங்கம்மாவை என்ன பண்ணினீங்க?"

டெனிஸ்! ஆர்லீனின் முதல் கணவனுக்குப் பிறந்த மகள். அலாஸ்காவில் நர்ஸ்.

"ஹார்ட் அட்டாக்... டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரும்மா..."

"அந்த டாக்டருக்குக் கண்ணாடி போட்டாலும் கண்ணு தெரியாது! ஒரு மாசமா சூப் குடிச்சா வாந்தின்னு அம்மா சொன்னாங்க. யாரு வச்ச சூப், வெண்டெல்?"

அவள் ஒரு நாளும் அவனை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

"ஷெரீஃப்கிட்ட சொன்னேன். சிரிக்கறாரு. சிரிக்கட்டும்! வெள்ளிக்கிழமை வந்து இறங்கறேன். அதுக்குள்ள புதைச்சுட்டாலும் விடமாட்டேன். கோர்ட்டுக்குப் போய்த் தோண்டி எடுப்பேன்!"

லைன் கட்.

ஜன்னலுக்கு வெளியே அயோவாவின் பிப்ரவரிப் பனி. வெண்டெலுக்கோ வியர்த்தது.

சூப்பில் அவன் கலந்தது எலி மருந்து. ஆர்லீனின் முந்நூறு ஏக்கர் சோள நிலத்துக்காக. மண்ணுக்குள் போனாலும் அந்த விஷம் உடம்பை விட்டுப் போகாது.

எரித்துவிட்டால்...?

எப்படி எரிப்பது! ஆறு வருடம் முன்பே தன் இறுதிச் சடங்குக்கு மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டாளே ஆர்லீன்! பெட்டி, பூ, பாட்டு, குழி. முதல் கணவன் ஹார்லனுக்குப் பக்கத்தில் இடம். கல்லில் அவள் பெயரும் பிறந்த வருடமும்கூட வெட்டியாகிவிட்டது. இறந்த வருடம் மட்டும்தான் பாக்கி.

அவள் எழுதிய ஒப்பந்தம். அவன் மாற்ற முடியாது. வாய் திறந்து கேட்டாலே ஊர் பேசும். டெனிஸ் காதுக்குப் போகும்.

அவன் கராஜுக்கு ஓடினான்.

மதியம். இறுதிச் சடங்கு நிலையம்.

அதன் முதலாளி பெர்னடீன் அவனோடு பள்ளியில் படித்தவள். தோளைத் தட்டினாள்.

"நீ எதையும் யோசிக்காதடா. எல்லாத்தையும் அவளே எழுதி வச்சுட்டா. லிப்ஸ்டிக் கலர்கூட!"

"அவளோட நீலக் கவுன்... கொண்டாந்திருக்கேன்."

பையை வாங்கப் போனாள். அவன் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"என்னடா இவ்வளவு கனம்? கவுனா, கல்லா?"

"ஷூ... ரெண்டு ஜோடி."

"ரெண்டா? செத்தும் எதைப் போடறதுன்னு முடிவாகலையா அவளுக்கு!"

"பத்து நிமிஷம்... அவகூடத் தனியா இருக்கணும் பெர்னடீன்."

"இரு, இரு. முன் ஹால்ல இன்னொரு சாவு. நம்ம கணக்கு டீச்சரம்மாவைக் கடைசியாப் பார்க்க ஊரே வந்திருக்கு. பாதிப் பேரு சாண்ட்விச்சைத்தான் பார்க்கறான்!"

போனாள்.

தாழ்ப்பாள் போட்டான். கவுனை உருவி எறிந்தான். பெட்ரோல் கேன்!

ஊற்றினான். பாதி தரையில் சிந்தியது. வெள்ளைப் போர்வைக்குள் ஆர்லீன் தூங்குவது போலவே கிடந்தாள்.

முதல் குச்சி அணைந்தது.

இரண்டாவது ஒடிந்தது.

"கடவுளே... இது ஒண்ணாவது!"

மூன்றாவது...

குபீர்!

அவன் புருவம் கருகியது. தீ போர்வையின் ஓரத்தைத் தொட்டது. அவ்வளவுதான்...

கூரையிலிருந்து மழை!

தீயணைப்புக் குழாய்கள் சீறின. மணி அலறியது. கதவு பெயர்ந்து விழுந்தது. முதலில் உள்ளே பாய்ந்தவர் கையில் பாதி சாண்ட்விச். ஷெரீஃப் கோர்ட்னர்!

"யோவ் வெண்டெல்! என்னய்யா இது?"

"மெழுகுவத்தி... தவறி விழுந்து..."

"மெழுகுவத்திக்கு ஒரு கேலன் பெட்ரோலா?"

ஷெரீஃப் சாண்ட்விச்சைக் கீழே போட்டார்.

"காலையில அந்தப் பொண்ணு போன் பண்ணினப்போ சிரிச்சேன். இப்பச் சிரிப்பு வரலை. ஆர்லீன் வயித்துல என்ன இருக்குன்னு இன்னிக்கே பார்க்கச் சொல்றேன். கையை நீட்டு!"

விலங்கு கிளிக்கென்றது.

நனைந்த தலையோடு பெர்னடீன் நாற்காலியில் சரிந்தாள்.

"பாவி... கிறிஸ்துமஸுக்கு முன்னால அவ இங்க வந்தாடா. எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டுப் போனா."

"மா... மாத்தியா?"

"'ஹார்லன் பக்கத்துல நான் படுத்தா வெண்டெல் மனசு தாங்காது. அந்தக் குழி வேணாம். என்னை எரிச்சு, சாம்பலை அவன்கிட்டயே குடுத்துடு. அதுவரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது'ன்னா."

"எரி... எரிக்கவா? எப்போ?"

"நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு."

நாளை புதன். டெனிஸ் வருவது வெள்ளி!

வெண்டெல் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

காலி கேனைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெர்னடீன் சொன்னாள்.

"பெட்ரோலுக்கு நீ எதுக்குடா செலவு பண்ணினே? அவ கட்டின பணத்துல நெருப்பும் சேர்த்தி!"